நடுவில் நிற்பவருக்குக் கைகள் இல்லை

றக்பி ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, எதிரணியோடு முட்டித் தள்ளி, நடுவே உருட்டிவிடப்படும் பந்துக்காகப் போராடுவது. அதில் தலையும் தலையும் மோதுகின்றன என்று இந்த நாட்டில் படித்தவரும் படியாதவரும் ஒருமனதாக நம்பி வருகிறார்கள். இது பிழை. வெறும் பிழைகூட அல்ல, இப்போதே திருத்தாவிட்டால் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் கெடுத்துவிடக்கூடிய பிழை. மோதுவது தோள். தலை, எதிரில் குனிந்திருக்கும் இரண்டு தலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் போய்ச் செருகிக்கொள்கிறது. அப்படிச் செருகுகையில் பக்கத்துத் தலையோடு உராய்வது காது. உராய்ந்த காதில் இரத்தம் கட்டி, கட்டிய இரத்தம் இறுகி, பல வருடங்களில் அது காதாக இருப்பதை விட்டுவிட்டு வேறு ஏதோ ஆகிறது. இவ்வளவையும் ஆஸ்பத்திரியில் காத்திருந்த வேதநாயகம் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொல்லவில்லை, மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் மாத்தளையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர்; அதை யாரும் கேட்காமலே தெரிவித்திருந்தார். "காதுல என்னங்க, பாக்ஸிங்கா?" என்றார் முதலில். "றக்பி" என்றார் வேதநாயகம். "ஆ, அந்த ஆட்டுக்கெடா மாதிரி தலையால முட்டிக்கிற வெளையாட்டு. ஊருக்குள்ளயா, வெளிநாடெல்லாம் போய் ஆடினீங்களா?" "இலங்கை டீம். ஒன்பது வருசம்." "அப்ப நல்லாக் குடுத்திருப்பாங்களே?" "ஒரு ஜேர்சி தந்தவை." போஸ்ட் மாஸ்டர் மரியாதையோடு தலையசைத்தார். "அதையும் தோய்ச்சுத் திருப்பித் தரச் சொன்னவை" என்றார் வேதநாயகம். மறுபக்கத்தில் இருந்த மனைவி ரஞ்சி சிரிக்கவில்லை. இந்தப் பகிடியை அவள் கலியாணமான வருடத்திலிருந்தே கேட்டுவருகிறாள். ஆனால் முன்பெல்லாம் சிரிக்காமல் இருப்பதற்கும் ஒரு முகம் வைத்திருப்பாள், உதட்டின் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு. இன்றைக்கு அந்த முகமும் இல்லை. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், பஸ்ஸில் நிற்கிறவள் கம்பியைப் பிடிப்பது மாதிரி.

இன்று வியாழக்கிழமை. இது கண்டி. இது இரண்டாம் மாடி. வியாழன், கண்டி, இரண்டு. கேட்பார்கள். சப்ரி நேற்றே டெலிபோனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். துவான் சப்ரி, அவருக்கு இடப்பக்கம் நின்ற ப்ரொப்; ஸ்க்ரமின் முன்வரிசையில் நடுவில் நிற்கிற ஹூக்கரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிறவர்களுக்கு அப்படிப் பெயர். இப்போதும் தாங்கத்தான் பார்க்கிறான். "மச்சான், போன வருசம் எனக்கும் இதே டெஸ்ட்தான். என்ன கிழமை, எத்தனாவது மாடி. மூணு சொல்லுச் சொல்லிக் கொஞ்சம் விட்டுக் கேப்பாங்க. பொறகு நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கணும். ஏழுதானே மச்சான், ஒரு ட்ரை, அதுக்கு மேல ஒரு கிக். ஒனக்கா தெரியாது?" தெரியும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் ட்ரை, பிறகு அதைக் கம்பத்துக்கு மேலால் உதைத்தால் இன்னும் கொஞ்சம், இரண்டும் சேர்ந்து ஏழு. நேற்றிரவு குளியலறையில் கழித்துப் பார்த்தார். தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, வழுக்காமல் வந்தது. இன்று காலை பல் தீட்டும்போதும் வந்தது. வராமல் போவதற்கு அவருக்கு ஒன்றுமில்லையே. ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள் ஆரணியைக் காரில் ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து புறப்பட்டு, பாலம் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற சந்தியில் திரும்பாமல் நேரே போய், பழைய கிரவுண்ட் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சீட்டில் கிட் பேக்கைத் தேடினார். பின்சீட்டில் ஒரு பேத்தி இருந்தாள். "அம்மப்பா, இது பள்ளிக்கூடம் இல்லை." குரலில் பயமே கிடையாது, ஒரு தகவல்போலச் சொன்னாள். அவரும் ஒரு தகவல்போலக் கேட்டுக்கொண்டார். பிறகு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, பிந்திக் கொண்டுபோய் விட்டார். பின்னேரம் வீட்டில் அவள் சொன்னது ஐஸ்கிரீமைப் பற்றித்தான், மற்றதெல்லாம் அதற்குள்ளிருந்து தானாக வந்துவிட்டது. மகள் தர்ஷினி சண்டை பிடிக்கவில்லை, சண்டை பிடித்திருந்தால் இவரும் பிடித்திருக்கலாம். "அப்பா, ஒரு டொக்டர் பாத்துச் சரியெண்டு சொல்லட்டும். பிறகு நீங்களே ஏத்திக்கொண்டு போங்கோ, நான் ஏன் மறிக்கிறன்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளே வேலைக்குப் பிந்திப் பிந்திப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறாள், அவர் கேட்டடியில் நின்று கையசைக்கிறார். கையசைத்து முடிந்த பிறகு ஒரு நாளில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது இதற்கு முன் அவருக்குத் தெரியாது. முன்பு காரில் போகும்போது ஆரணி பின்னாலிருந்து எட்டி அவருடைய காதைத் தொட்டுப் பார்ப்பாள், உளுந்துவடை என்பாள், வலிக்குதா என்பாள், வலிக்காது என்று தெரிந்துகொண்டே. நாட்டுக்காக ஆடினார் என்பதை இன்றைக்கும் செய்தியாகக் கேட்கிற ஒரே ஆள் அவள். வியாழன், கண்டி, இரண்டு.

கேள்வி கேட்டு மூளையைச் சோதிப்பது அவருக்குப் புதிதல்ல. ஹொங்கொங்கில் ஒரு ஆட்டத்தில் கொரியாக்காரன் ஒருவனின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது. பட்டது வரைக்கும் இருக்கிறது: முழங்காலில் ஒட்டியிருந்த புல், புல்லில் ஈரம், பிறகு யாரோ வெள்ளைத் துணியை இழுத்து மூடியதுபோல் ஒரு வெளிச்சம். டொக்டர் ஓடிவந்து குந்தியிருந்து கேட்டிருக்கிறார், இது எந்த ஊர், ஸ்கோர் என்ன, கடைசி ட்ரை போட்டது யார். அந்தக் காலத்து முன்வரிசைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்டவனைத் தூக்கி நிறுத்துகிற சாட்டில் ப்ரொப் அவன் காதுக்குள் விடையைச் சொல்லிவிடுவான். யாரும் அதைக் கள்ளம் என்று நினைத்ததில்லை, தண்ணீர் கொடுப்பதைப்போல அதுவும் ஒன்று. சப்ரி சொன்னான், இவர் திருப்பிச் சொன்னார், ஹொங்கொங், அவங்கள் பன்னிரண்டு, நாங்கள் ஆறு, பண்டார. டொக்டர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வேதநாயகம் தன் வாழ்க்கையில் சர்வதேச ஆட்டத்தில் போட்ட ஒரேயொரு ட்ரையைப் போட்டார். பத்திரிகையில் படம் வந்தது, கோட்டுக்கு மேலால் பாய்கிற ஒருவன், வாய் திறந்தபடி, இரண்டு கையிலும் பந்து. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு அவரே விளக்குவார், இடப்பக்கமாக வந்தேன், ஒருவனை ஏமாற்றினேன். எல்லாம் மற்றவர்கள் சொன்னது. படத்திலிருப்பவனை அவர் ஒருநாளும் சந்தித்ததில்லை. அந்த ட்ரையைப் பார்க்காத ஆள் அன்றைக்கு அந்த மைதானத்தில் அவர் ஒருவர்தான். அந்த ட்ரைக்காகத்தான் தேயிலைக் கொம்பனி வேலையில் பதவி உயர்வு கிடைத்தது, கூடத்தில் ஆணி அடித்தது, ரஞ்சியின் தகப்பனார் மனம் மாறியதுகூட அதனால்தான் என்று ரஞ்சி சொல்வாள். அப்படிப் பார்த்தால் ஞாபகம் போவது ஒன்றும் இப்போது தொடங்கியதல்ல, அதன்மேலேயே வீடு கட்டிக் குடியிருந்தாயிற்று, இப்போது போய் எதற்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதற்கு இந்த வியாழக்கிழமையைக் கையில் பொத்திக்கொண்டு. "என்ன முணுமுணுக்கிறியள்?" என்றாள் ரஞ்சி. "ஒண்டுமில்லை." "தண்ணி குடிக்கிறியளா?" "வேண்டாம். இது எத்தினையாம் மாடி?" கேட்டபிறகுதான் கேட்டது தெரிந்தது. அவள் அவரைப் பார்த்தாள். "ரெண்டு" என்றாள் மெதுவாக. "தெரியும், உன்னைச் சோதிச்சனான்" என்றார். இந்த முறை அவள் சிரித்தாள், சிரிக்காமலே இருந்திருக்கலாம்.

மறந்து போகட்டும், எது வேண்டுமானாலும் போகட்டும், ஒன்றைத் தவிர. எண்பத்துமூன்று ஜூலை, தமிழரைத் தேடித் தேடி அடித்த கிழமை. கொழும்பில், பம்பலப்பிட்டியில் ஒரு அறையில் இருந்தார். புகை கடலைப் பார்த்துப் போகாமல் வீதியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சப்ரியும் பண்டாரவும் கதவைத் தட்டினார்கள். பண்டார வலப்பக்க ப்ரொப், பதுளைப் பக்கத்துச் சிங்களவன், பேச்சுக் குறைவு, தோள் மட்டும் ஒரு கதவளவு. அரைப் போத்தல் சாராயத்தை இவருடைய சட்டையில் ஊற்றினார்கள், வாய்க்குள் ஒரு சொட்டும் விடாமல். அதைப் பிறகு பலமுறை குறையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு நடுவில் போட்டுக் கட்டிக்கொண்டார்கள், ஸ்க்ரமில் கட்டுவதுபோலவே. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: மைதானத்தில் முப்பது பேரிலும் ஹூக்கர்மார் இருவருக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் கைகள் கிடையாது. இரண்டு கையும் இரண்டு ப்ரொப்மாரின் தோளுக்கு மேலால் போய்ப் பூட்டிக்கொள்ளும். விழுந்தால் நிலத்தில் ஊன்றக்கூட ஒன்றும் இருக்காது. அவர்கள் விட்டால் கழுத்து முறியும், விடாவிட்டால் முறியாது, நடுவிலிருப்பவனுக்கு இதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. அப்படியே கடலோரப் பெருவீதியில் போனார்கள், குடித்தவனைக் கொண்டுபோகிற இரண்டு குடிகாரர்களாக, சப்ரி பைலா பாடிக்கொண்டு. கொம்பனித்தெருவில் சப்ரியின் வீடு. அதற்கு முன் ஒரு சந்தியில் ஆட்கள் நின்றார்கள், கையில் கம்பி, கம்பியின் நுனி ஈரம். ஒருவன் கிட்ட வந்து இவருடைய முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்திப் பார்த்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே என்னவென்றும் தெரிந்துவிட்டது. அவன் முடியை விடவில்லை. பிறகு சிங்களத்தில் கேட்டான்: "போன சனிக்கிழமை அந்த லைன்-அவுட்டில பந்தை ஏன்டா கோணலா எறிஞ்சே?" ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது ஹூக்கரின் வேலை, இரண்டு வரிசைக்கும் நடுவே நேராக எறிய வேண்டும். அது கோணலல்ல. நேராகத்தான் போனது, ரெஃபரி நின்ற இடம் பிழை. இதைச் சொல்வதற்கு அவர் வாயைத் திறந்தேவிட்டார், அந்த இடத்தில், அந்தக் கம்பிக்கு முன்னால்; சப்ரி விலாவில் நகம் பதியக் கிள்ளினான். "குடிச்சிருந்தான்" என்று பண்டார சொன்னான். அன்று முழுவதும் அவன் சொன்ன ஒரே வசனம். அந்த ஆள் முடியை விட்டான். போங்கள் என்றான். போனார்கள். இவ்வளவும் இருக்கிறது, பைலாவின் மெட்டுக்கூட இருக்கிறது. ஆனால் சில மாதங்களாக அந்த வீதியில் நடக்கும்போது இடப்பக்கம் திரும்பினால் சப்ரியின் வியர்த்த முகம் வருகிறது, வலப்பக்கம் திரும்பினால் ஒரு தோள் இருக்கிறது, அந்தத் தோளின் சட்டை, அதற்கு மேலே கழுத்து, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. பண்டாரவின் படங்களை எடுத்துப் பார்த்தார். படங்களில் முகம் இருக்கிறது, எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கழுத்தில் வைத்தால் நிற்கவில்லை. பண்டார செத்து எத்தனையோ வருடம், பதுளைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கியவர்களில் இவரும் ஒருவர், சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டிய பாதை ஞாபகம் இருக்கிறது, பெட்டியின் கனம் ஞாபகம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றிய மனிதனின் முகத்தை ஒருவர் எங்கே வைத்துத் தொலைப்பார்? பேத்தியைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோனதைவிட அவருக்கு இதுதான் பயம், ஆனால் இதை எந்த டொக்டரும் கேட்கமாட்டார், கேட்பது கிழமையும் மாடியும். வியாழன், கண்டி, இரண்டு. "வேதநாயகம் யாருங்க? உள்ள வாங்க" என்றாள் நர்ஸ். "போய்ட்டு வாங்க சார். ஆளைப் பாத்தா நல்லாத்தான் இருக்கீங்க" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

டொக்டர் கோபிகாவுக்கு மகளைவிட வயது குறைவாக இருக்கும். "இருங்க அங்கிள். அன்ட்ரி, நீங்களும் இருங்க." கிழமை கேட்டாள், சொன்னார். ஊர் கேட்டாள், சொன்னார். மாடியை அவள் கேட்பதற்கு முன்னமே சொல்லிவிட்டார். அவள் பேனாவை நிறுத்தி ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினாள். பிறகு மூன்று சொற்கள், அன்னாசி, குடை, பாலம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றாள். அவர் அவற்றை முன்வரிசையில் நிறுத்தினார், அன்னாசி இடப்பக்கம், பாலம் வலப்பக்கம், குடை நடுவில், இரண்டு கையையும் இரண்டு பக்கமும் போட்டு இறுக்கிக் கட்டினார். இனி யார் வந்து இடித்தாலும் கலையாது. "இப்ப நூறுல இருந்து ஏழைக் கழிச்சிக்கிட்டே வாங்க, அங்கிள். அவசரமில்ல." ஏழு. ட்ரையும் கிக்கும். அவசரமில்லை, ஆனால் ஏன் அவசரமில்லை, இது தெரிந்த வேலை, கண்ணை மூடினால் பச்சைப் புல், மழை பெய்து விட்ட மைதானம், பலகையில் எண்களை மாற்றுவதற்கு ஒருவன் ஏணியில் நிற்கிறான். நூறு என்று போட்டிருக்கிறது. மைதானத்து ஓரமாக, விங்கில், ஒருவன் ஓடுகிறான், ஓடி மூலையில் வைக்கிறான், நாலு, பந்தை மண்ணில் நிறுத்திப் பின்னால் நடந்துபோய் உதைக்கிறார்கள், கம்பத்துக்கு மேலால் போகிறது, ரெண்டு. "தொண்ணூற்றுநாலு." ஏணிக்காரன் பலகையை மாற்றுகிறான். இன்னொன்று, இது கம்பங்களுக்கு நடுவில், நாலு, உதைப்பது சுலபம், ரெண்டு. "எண்பத்தெட்டு." சனம் எழுந்து நிற்கிறது. தகரக் கூரையில் கையால் அடிக்கிறார்கள். "எண்பத்திரண்டு. எழுபத்தாறு. எழுபது." குரல் நன்றாக வருகிறது, இவ்வளவு தெளிவாக அவர் பேசி எத்தனை நாள், அறுபத்துநாலு, ஐம்பத்தெட்டு, நிறுத்தச் சொல்கிறவரைக்கும் போகலாம், கீழே போய்ப் பூச்சியத்தைத் தொட்டுவிட்டுக்கூட வரலாம். "போதும் அங்கிள்" என்றாள் டொக்டர். கண்ணைத் திறந்தார். அந்த வேகத்திலேயே அன்னாசி, குடை, பாலம் என்று மூன்றையும் கொடுத்தார். அவை கலையவில்லை. ஒரு கிழவன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்தார்.

டொக்டர் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ரஞ்சியைப் பார்த்தாள். "அன்ட்ரி, கார் விஷயமாத்தான் முக்கியமா வந்தீங்க. மத்தது பரவாயில்ல, இந்தக் கழித்தல் மட்டும் முதல்ல இருந்தே பிழையா வந்திருக்கு. நீங்க ஏதாவது சொல்லணுமா?" பிழையா, என்று அவர் நினைத்தார், எங்கே பிழை, பிள்ளை கணக்கில் கொஞ்சம் பலவீனம்போல. ரஞ்சி முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "அது பிழை இல்லை டொக்டர்" என்றாள் அவசரமாக. "நான் சொல்லுறன், கேளுங்கோ. இவர் விளையாடின காலத்தில றக்பியில ட்ரைக்கு நாலு பொயின்ட், கிக்குக்கு ரெண்டு. அதுதான் ஆறு ஆறாக் கழிச்சவர். பிறகுதான் நாலை அஞ்சாக்கினவை. இவருக்குத் தெரியும். அந்த வருசம் இவரே ரெஃபரியா விசில் ஊதினவர். வாய் பழகிப்போச்சு, அவ்வளவுதான்." டொக்டரின் பேனா நின்றது. ரஞ்சி அவர் பக்கம் திரும்பினாள். அவளுடைய முகத்தில் பழைய முகம் ஒன்று வந்தது, மைதானத்துக் கலரியில் எழுந்து நின்று ஆட்டம் பார்க்கிற முகம். கையை அவருடைய கைமேல் வைத்தாள். "இஞ்சாருங்கோ, டொக்டருக்கு நீங்களே சொல்லுங்கோ. இப்ப, இண்டைக்கு, ஒரு ட்ரைக்கு எத்தினை பொயின்ட்?" அவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் ஒரு றக்பிக்காரனோடு குடும்பம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது? "நாலு" என்றார் டொக்டரைப் பார்த்து, தெரியாத பிள்ளைக்கு விளங்கும்படியாக, ஆறுதலாக. "எப்பவும் நாலுதான், மகள்." ரஞ்சி கையை எடுக்கவில்லை. அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கடந்த சனிக்கிழமை இரண்டு பேரும் டிவியில் ஒரு றக்பி ஆட்டம் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அல்லது வேறு எதுவோ. அவர் அவளைப் பார்க்கவில்லை, டொக்டருக்கு ஸ்க்ரமில் தலைகள் மோதுவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "ஒண்டும் இல்லை டொக்டர்" என்றாள் ரஞ்சி. "நீங்கள் எழுதுங்கோ."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே ஆரணியை ஏற்றிப்போக ஸ்கூல் வேன் ஒன்று அவர்களுடைய கேட்டடியில் நின்று ஹார்ன் அடித்தது.